நீராவி குடித்த போன்

கோந்து என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கடைத்தெரு வைத்த பெயர். போனுக்கு டிஸ்ப்ளே மாற்றுகிற தொழில். விரல்களில் எந்நேரமும் பசை காய்ந்து தோலோடு தோலாகக் கிடக்கும். சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கை அதைச் சுரண்டிக்கொண்டுதான் இருக்கும். ஆளும் அதற்கேற்ற ஆள்தான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், ஒரு பேச்சைப் பிடித்தால் விட மாட்டார், கோபம் வந்தால் அதையும் சாயங்காலம் வரை கீழே வைக்க மாட்டார்.

கடை என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, வளைகிற கழுத்துள்ள ஒரு விளக்கு, சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும் பழைய போன் முதுகுகள். வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது. தெருவில் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டலாம். பக்கத்துப் பொந்து அவர் மனைவியுடையது. அங்கே பட்டன், ஜிப், ஊசி, நூல்கண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை, பலகையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக டீயும் வரும், திட்டும் வரும்.

போன் பக்கம் வருவதற்கு முன்னால் அவர் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள போனெல்லாம் முழுக்கக் கண்ணாடியாக மாறியபோது, இதுவும் சட்டம்தானே, இதுவும் கண்ணாடிதானே என்று இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். யோசனை நல்ல யோசனைதான். வினையும் அதில்தான் இருந்தது. படத்தின் மேல் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றினால் தீர்ந்தது, உள்ளே சிரிக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை. போன் அப்படியா? ஆனால் கண்ணாடிக்காரர் கண்ணுக்கு எந்தக் கோளாறும் கண்ணாடிக் கோளாறாகத்தான் தெரியும். அதற்கு அவரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை.

கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. 'தண்ணீர் பட்ட போன் இங்கே பார்ப்பதில்லை. கெஞ்ச வேண்டாம்.' முதல் வரி அவர் எழுதியது. இரண்டாவது வரியைச் சேர்த்தது மனைவி. கெஞ்சினால் மனுஷன் இளகிவிடுவார் என்று அவருக்குத் தெரியாதா என்ன. தண்ணீர் பட்ட போனைக் கண்டால் கோந்துவுக்கு ஆகவே ஆகாது. இன்றைக்குப் பேசும், நாளைக்கு மூச்சு விடாது, பழி மட்டும் கடைசியாகத் தொட்டவன் தலையில் விழும். ஒருமுறை ஒருவர் நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏற்றும் துளையில் ஒரு அரிசி ஊறிப்போய் உட்கார்ந்திருந்தது. "இது என்ன சார், போனா உலையா?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினார். வந்தவர் அதற்குப் பிறகு அந்தத் தெருவிலேயே நடப்பதில்லை.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. புது டிஸ்ப்ளேயை உடனே ஒட்டிவிட மாட்டார். சும்மா மேலே பொருத்தி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "தினம் யாரோட பேசுவீங்களோ, அவங்களுக்கு ஒரு வீடியோ கால் போடுங்க" என்பார். படம், குரல், கேமரா எல்லாம் ஒரே அடியில் தெரிந்துவிடும். திருப்தியானால்தான் பசை. மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு யாருக்குப் போடுவது என்று முழித்த ஒரு ஆளும் உண்டு. அந்தச் சோதனையில் போன் தேறிவிட்டது, ஆள்தான் தேறவில்லை என்று கோந்துவின் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தெருமுனையில் ஒரு பெரிய லாண்டரி இருந்தது. ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரி உடுப்புகளும் மூட்டை மூட்டையாக வரும். அங்கே நீராவிப் பெட்டியில் துணி தேய்க்கிறவர்தான் லாண்டரி அக்கா. கோந்து அவரை அக்கா என்பார், அவர் கோந்துவை அண்ணே என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இருவருக்கும் தைரியமும் இல்லை.

அக்காவுக்கு ஒரே மகள். பிறவியிலிருந்தே காது கேட்காது. பேசுவதெல்லாம் கையால். மகளுக்காக அக்காவும் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு, துணி மடிக்கிற வேகத்தில் பேசுவார். மகளைக் கட்டியவரும் காது கேட்காதவர்தான், அச்சகத்தில் வேலை, தங்கமான பிள்ளை. இருவரும் இருப்பது ஒரு ராப்பயணத் தூரத்தில். மகள் நிறைமாதம். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வீடியோ கால் போட்டு டாக்டர் மேசையில் போனை நிறுத்தி வைப்பாள். டாக்டர் சொல்வதை இங்கே தேய்க்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று அக்கா கையால் மகளுக்குச் சொல்வார். மகள் கையால் கேட்பதை வாயால் டாக்டருக்குச் சொல்வார். பிரசவத்துக்கு அக்கா நேரிலேயே போய் நிற்பதாக ஏற்பாடு. மாதக் கடைசிக்கு டிக்கெட் எடுத்து, பையும் கட்டி வைத்தாயிற்று.

இந்த நேரத்தில்தான் அந்தப் போன் படுத்த ஆரம்பித்தது. முதலில் படத்தில் கோடு விழுந்தது, பிறகு இருட்டு. கோந்து திறந்து பார்த்தார். டிஸ்ப்ளேயின் வயர்ப் பட்டை போர்டில் போய் மாட்டுகிற இடத்தில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது.

"தண்ணியில போட்டீங்களா அக்கா?"

"சத்தியமா இல்லண்ணே. ஒரு சொட்டு படல."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. தண்ணீர் பட்டிருந்தால் அட்டையைக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டும்; இந்த அக்காவைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஆகவே அந்தப் பச்சையைக் கண்டும் காணாதவராகக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, புது டிஸ்ப்ளே போட்டுக் கொடுத்தார். எரிந்தது. அக்கா வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். சில நாளில் மறுபடி இருட்டு. கோந்து சரக்குக் கொடுத்தவனைப் போனில் கூப்பிட்டு, மட்டமான மால் அனுப்பி என் பேரைக் கெடுக்கிறாயா என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, காசு வாங்காமல் இன்னொன்று போட்டார். அதுவும் எரிந்தது. பலகை ஓட்டை வழியாக மனைவி, "டிஸ்ப்ளே மேலயே பழி போடறீங்களே, வேற ஏதாவது இருக்கப்போகுது" என்றார். "நீ பட்டனப் பாரு" என்றார் இவர்.

அது நடந்த அந்த வாரமே, மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அசந்திருந்த வேளையில், லாண்டரி அக்கா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். கையில் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. திரை கருங்கல்லாக இருந்தது.

"அண்ணே, அவதான் கூப்பிடறா. எடுக்க முடியல."

"அவதான்னு எப்படித் தெரியும்?"

"அவளுக்குத் தனி மணி வெச்சிருக்கேன். காலையிலிருந்து விடாம அடிக்குது, லாண்டரியில இப்பத்தான் விட்டாங்க. நாள் இன்னும் இருக்கேண்ணே. வலி வந்திருச்சோ என்னவோ."

மணி நின்றது. கோந்து அதற்குள் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். சிம்மை எடுத்து வேறு போனில் போட்டுவிடலாம் என்று பார்த்தால் இதுவரை எப்படியோ ஓடிய அதன் தகடும் பச்சை பிடித்து அரித்துப் போயிருந்தது; வெளியே எடுத்ததோடு சரி. எந்தப் போனும் அதை மதிக்கவில்லை. "பொண்ணு நம்பர் மனப்பாடமா இருக்கா?" என்று கேட்டார். அக்கா உதட்டைப் பிதுக்கினார். மகள் படத்தைத் தொட்டால் போகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை நம்பரும் அதற்குள்தான். கோந்துவின் மனைவி பட்டன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, தன் போனில் அந்த ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டுப் போட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

கோந்து மூன்றாவதாக ஒரு டிஸ்ப்ளேயை மாட்டிப் பார்த்தார். இருட்டு. கடையில் இருந்த கடைசி ஒன்றையும் மாட்டினார். அதுவும் இருட்டு. இதற்கு மேல் யாரைத் திட்டுவது? விளக்கை இழுத்து வைத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். அன்றைக்குக் கட்டைவிரலால் தேய்த்துவிட்ட பச்சை இப்போது அந்த இடம் முழுக்கப் பாசி மாதிரி படர்ந்திருந்தது.

நிமிர்ந்தபோது அக்காவின் மேலங்கி கண்ணில் பட்டது. வயிற்றுக்கு நேராக ஒரு பெரிய பை. அந்தப் பையின் துணி கசங்கி, ஈரப்பதமாக இருந்தது.

"போன எங்க வெச்சுக்குவீங்க?"

"இதுலதான்."

"தேய்க்கும்போதுமா?"

"பின்ன? அவ எப்ப கூப்பிடுவாளோ."

தேய்க்கும் மேசையின் விளிம்பும் அந்தப் பையும் ஒரே உயரம். பெட்டியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குபுக்கென்று கிளம்புகிற ஆவி நேரே அதற்குள்தான் போயிருக்கிறது, காலையிலிருந்து சாயங்காலம் வரை, எத்தனையோ மாதமாக.

"ஆவி தண்ணியில்லையா அக்கா?"

"அது எப்படிண்ணே தண்ணியாகும்? மேல போயிடுதே."

வேறு நேரமாக இருந்தால் இதற்கு ஒரு பாட்டுப் பாடியிருப்பார். இப்போது வாய் வரவில்லை. "மொத தடவையே பச்சையப் பார்த்தேன் அக்கா" என்றார். "தண்ணி பட்ட போன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பணுமேன்னு தொடச்சு மூடிட்டேன். அன்னிக்கே ஒழுங்கா கழுவியிருந்தா இந்த கதி வந்திருக்காது. தப்பு என்னுதுதான்."

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "இப்ப கழுவ முடியுமாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

கழுவத்தான் வேண்டியிருந்தது. பதினைந்து வருஷமாகத் தட்டிக் கழித்த வேலை. பாட்டரியைப் பிரித்தார், போர்டை வெளியே எடுத்தார், மேலே மூடியிருந்த தகரத்தை நெம்பினார். மனைவி வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பல் துலக்கும் பிரஷ்ஷை உறையோடு நீட்டினார். ஸ்பிரிட்டில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தார். பச்சை கரைந்து வழிந்தது; அடியில் பார்த்தால் பட்டை மாட்டுகிற இடத்தில் வரிசையாக நிற்கும் ஊசிக் கால்களில் ஒன்று அரித்து மெலிந்து, நிற்கவா விழவா என்று நின்றது. சால்டரிங் அயர்னின் முனையால் அதைத் தொட்டுப் பிடிக்க வைத்தார். கை நடுங்காமல் இருக்க முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை நிறுத்திக்கொண்டு செய்தார். அக்கா தெருவில் நின்றபடி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கோந்துவுக்குத் தாங்கவில்லை. ஹேர் டிரையரால் காய வைத்துத் திரும்ப மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பட்டை இருக்கும் இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார்.

திரை வெளிச்சமானது. விரலைத் தளர்த்தினால் மங்கியது, அழுத்தினால் தெளிந்தது. கடை வைஃபையில் போன் ஒட்டிக்கொண்ட அடுத்த நொடியே அந்தத் தனி மணி அடித்தது.

அக்கா தொட்டார். படம் வந்தது. சக்கரக் கட்டிலில் மகள். முகமெல்லாம் வியர்வை. தாயைக் கண்டதும் கைகள் இரண்டும் பறந்தன. ஒன்றும் பிடிபடாத கோந்துவுக்கே அது 'எங்கேம்மா போயிட்டே' என்று புரிந்தது. அக்கா பதில் சொல்லப் போனை மேசையில் வைக்கப் பார்த்தார். அது நிற்கிற நிலைமையிலா இருக்கிறது? பேச அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

"விடுங்க, நான் பிடிக்கறேன்" என்றார் கோந்து. நாற்காலியில் ஒட்டிக்கொண்ட மனுஷன் எழுந்து, தெருவில் இறங்கி, அக்காவுக்கு எதிரே நின்று போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் மேலண்ணே. அவ்வளவுதான். ஆடாதீங்க."

படம் அக்கா பக்கம் திரும்பி இருந்ததால் கோந்துவுக்குத் தெரிந்தது அக்காவின் கைகள் மட்டும்தான். காதில் விழுந்தது டாக்டரின் குரல்.

"அம்மா, வந்துட்டீங்களா. காலையிலிருந்து உங்களத்தான் தேடறோம். குழந்தையோட இதயத்துடிப்பு இறங்குது. ஆபரேஷன் பண்ணணும். எழுதிக் காட்டினோம், பயந்து தலைய தலைய ஆட்டறாங்க. நீங்க சொல்லுங்க."

அக்கா கைகளை உயர்த்தினார். நிதானமாக, ஒவ்வொன்றாக, மகளுக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு அந்தக் கைகள் சொல்லின. பிறகு நின்று, பார்த்து, வாயால் சொன்னார்:

"எல்லாரும் முகத்த மூடிக்குவீங்க, வாயும் தெரியாது, கண்ணுல ஒண்ணுமே புரியாம நான் எப்படிப் படுத்திருக்கறதுன்னு கேக்கறா டாக்டர்."

அந்தப் பக்கம் டாக்டர் யாரையோ கூப்பிட்டார். பிறகு ஒரு நர்ஸின் குரல். "நான் தலைமாட்டுல நிக்கறேன்னு சொல்லுங்கம்மா. குழந்தை வெளிய வந்ததும் அவங்க தோள அமுக்குவேன். அது அழுததும் ரெண்டாவது தடவ அமுக்குவேன்."

அக்கா அதைச் சொன்னார். தன் தோளைத் தானே அமுக்கிக் காட்டினார். இரண்டாவது தடவை அமுக்கும்போது உதடு துடித்தது. அதைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சிரித்தார். "சரின்னுட்டா டாக்டர்" என்றார்.

கட்டிலின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. மாப்பிள்ளை மட்டும் வெளியே நின்றார், போனைக் கையில் பிடித்துக்கொண்டு. கோந்து எட்டிப் பார்த்தார். தாடி மழிக்காத முகம், அழவும் தெரியாத முகம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர், இரண்டு ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோந்துவின் தோள் கடுத்தது, கட்டைவிரல் மரத்தது. உடைந்த போனோடு ஒருவர் வந்து தலையை நீட்டினார். மனைவி உதட்டில் விரலை வைத்து அவரை அப்படியே ஓரங்கட்டினார். வந்தவர் போகவும் இல்லை, என்ன விஷயம் என்று தெரியாமலே அவரும் நின்றார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நர்ஸின் குரல், பழக்க தோஷத்தில் மாப்பிள்ளையிடமே வாயால் சொன்னது: "பொண்ணு பொறந்திருக்கு. தாயும் குழந்தையும் நல்லா இருக்காங்க. கொஞ்ச நேரத்துல காட்டறோம்." சொன்ன வேகத்தில் கதவு மூடிக்கொண்டது.

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மேசை விளிம்பில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. கோந்துவின் மனைவி அவரைத் தாங்கிக்கொண்டார். கோந்துவுக்கும் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று போனைப் பார்த்தார்.

அங்கே மாப்பிள்ளையின் முகம் வெளிறிக் கிடந்தது. அந்த நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அது கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், கதவு திறந்து மூடியது, இங்கே மாமியார் முகத்தைப் பொத்திக்கொண்டு கதறுகிறார் என்பதுதான்.

"அக்கா, அழாதீங்க, அவர் பார்க்கறாரு" என்றார் கோந்து. அக்காவுக்குக் கேட்கவில்லை. "அக்கா!"

இனிக் காத்திருக்க நேரமில்லை. கட்டைவிரலை எடுக்காமல் போனைத் தன் பக்கம் திருப்பினார். முன்பின் பார்த்திராத ஒரு பசைக்கை மனுஷனின் முகம் திடீரென்று அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நின்றது. என்ன சைகை காட்டுவது? ஒரு எழுத்தும் தெரியாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழிய, தலையை ஆமாம் ஆமாம் என்று ஆட்டி ஆட்டிச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து மனைவி பார்த்ததில்லை.

மாப்பிள்ளை அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். போன் அவர் மடியில் கிடந்து கூரையைக் காட்டியது. மறுபடி எடுத்தபோது அவரும் அழுதுகொண்டிருந்தார். அழுகையோடு அழுகையாக ஒற்றைக் கையால் என்னவோ கேட்டார். பதில் வராததால் திரும்பவும் கேட்டார்.

"ஏதோ கேக்கறாருக்கா, எனக்குப் புரியல" என்று கோந்து போனை அக்கா பக்கம் திருப்பி உயர்த்திப் பிடித்தார்.

அக்கா முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். "பொண்ணா பையனான்னு கேக்கறாரு" என்றார்.

"சொல்லுங்க அக்கா. நான் பிடிச்சிருக்கேன்."

அக்கா ஈரக் கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு சொன்னார்.